ஒரே பெட்டிக்கு ரெண்டு பேரு

செக்ரோல் கிளாக்கர் இக்னேசியஸ் அந்தத் திங்கட்கிழமை ஒரு சபதம் எடுத்தார். உயிரே போனாலும் சரி, பெண்டாட்டி சிசிலிக்கு மட்டும் விஷயம் தெரியக் கூடாது.

விஷயம் இதுதான். அவருக்கு வேலை போகப் போகிறது.

வேலை மட்டும் போனால் பரவாயில்லை என்று நினைக்கிறவர்கள் தோட்டத்தில் இருந்து பார்த்ததில்லை. செக்ரோலில், அதாவது தோட்டத்து ஆள் பதிவுப் புத்தகத்தில், பேர் இருக்கிற வரைக்கும்தான் தலைக்கு மேலே கூரை. பேரை வெட்டிவிட்டால் தொழிலாளி வரிசைவீடான லயத்துக் காம்பராவும் போச்சு, பீலிக் குழாயில் பிடிக்கிற தண்ணியும் போச்சு. கிளாக்கர் என்றால் காம்பராவுக்குப் பதில் குவாட்டர்ஸ், அவ்வளவுதான் வித்தியாசம். சவுக்குமலைத் தோட்டத்தில் இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவன் பேரைச் சிவப்பு மையில் வெட்டிக்கொண்டிருந்த மனிதருக்கு இது நன்றாகவே தெரியும். எத்தனை குடும்பம் தட்டுமுட்டுச் சாமானோடு நோர்வூட் பஸ்ஸுக்கு நின்றதை அவர் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார்! பார்த்துவிட்டு மைக்கூட்டை மூடி வைப்பார். தன் பேருக்கும் ஒருநாள் கோடு விழும் என்று எந்தக் கிளாக்கராவது நினைப்பானா?

அன்றைக்குக் காலையில் தோட்டத்து மானேஜர் தொரை கூப்பிட்டனுப்பினார். மேசையில் ஒரு கறுப்புப் பெட்டி இருந்தது. சூட்கேஸும் இல்லை, டைப்ரைட்டரும் இல்லை, இரண்டுக்கும் பிறந்த மாதிரி ஒன்று. பக்கத்தில் கொழும்பு ஹெட் ஒபீஸிலிருந்து வந்த பெரிய அதிகாரி மாத்தயா ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இக்னேசியஸ், இது புது மெசின்," என்றார் தொரை. சிங்களத் தொரை, ஆனால் தோட்டத்துத் தமிழ் தண்ணி பட்ட பாடு. "தோட்டத்து ஆளுங்க பேரு எல்லாம் இதுக்குள்ள போடணும். தொழிலாளி, ஸ்டாஃப், எல்லாம். ரெண்டு கிழமை, பதினாலு நாள் டைம். அதுக்குப் பொறகு செக்ரோல் புத்தகம் வேணாம்."

"செக்ரோல் வேணாமுங்களா? அப்ப நான்?"

"மெசின் தெரிஞ்சா இருக்கலாம். தெரியாட்டி ஹட்டன்ல பொடியன்மார் இருக்கான். வெளங்கிச்சா?"

நன்றாக விளங்கிற்று. கொழும்பு மாத்தயா அரை மணி நேரம் சொல்லிக்கொடுத்தார். இங்கே தட்டினால் விழிக்கும், இங்கே பேரை அடிக்கணும், இந்தக் கட்டையை அமுக்கணும், மொத்தம் எத்தனை பேர் என்று கீழே தானாகவே வரும். இக்னேசியஸ் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார். ஆட்டின வேகத்தில் ஒன்றும் உள்ளே இறங்கவில்லை.

"இதுக்கு என்னா பேருங்க சேர்?" என்று மட்டும் கேட்டார். பேர் தெரியாத எதையும் அவருக்குக் கையால் தொடப் பிடிக்காது.

"லெப்டொப்," என்றார் மாத்தயா.

"ஒபீஸ்ல வைக்காதே, வீட்டுக்குக் கொண்டு போ," என்றார் தொரை. அது எண்பத்தொன்பதாம் வருஷம். கடையைத் திறந்தாலும் குற்றம், பூட்டினாலும் குற்றம். காலையில் பூட்டச் சொல்லிச் சுவரில் ஒரு கடுதாசி ஒட்டியிருக்கும், மத்தியானம் திறக்கச் சொல்லித் துவக்கோடு ஆமி ஜீப் வரும். பக்கத்துத் தோட்டத்து ஒபீஸில் டைப்ரைட்டரைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். தூக்கினவர்கள் யார் என்று கேட்க ஒருவருக்கும் வாயில்லை.

இக்னேசியஸ் பெட்டியைச் சாக்குப் படங்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார். கூடவே வேலை போகிற விஷயத்தைச் சொல்லும் கடுதாசி ஒன்றும் கொடுத்திருந்தார்கள். அதை எங்கே ஒளிப்பது? வீட்டில் யாருமே திறக்காத புத்தகம் எது என்று யோசித்தார். தன்னுடைய ஜெபப் புத்தகம் ஞாபகத்துக்கு வந்தது. அதற்குள் வைத்தார். அவர் திறப்பதில்லை என்பது சரி. சிசிலி தினமும் திறக்கிறாள் என்பது அந்த அறிவாளிக்கு ஏனோ தோன்றவில்லை.

சிசிலிக்குத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில் ஆயா வேலை. அம்மாமார் மலையில் கொழுந்தெடுக்கும்போது பிள்ளைகளைச் சேலைத் தொட்டிலில் போட்டு ஆட்டுவாள், பால் காய்ச்சிக் கொடுப்பாள். ஹட்டனில் சிஸ்டர்மாரிடம் பத்தாவது வரைக்கும் படித்தவள். ஸ்டாஃப் லிஸ்டில் அவளுக்கும் ஒரு பேர் உண்டு. அதை இக்னேசியஸ் ஒருபோதும் ஒரு பொருட்டாக நினைத்ததில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் சாய்மனைக் கதிரையில் உட்கார்ந்து பெட்டியை மடியில் ஏற்றினார்.

"என்னாங்க இது? மேசை காலியாத்தானே கெடக்கு?"

"இதுக்குப் பேரு லெப்டொப். மடி மேல வைக்கணும்னுதான் அந்தப் பேரு. பேர்ல என்னா இருக்கோ அதுதான் சாமான். ஒனக்கு எங்க வெளங்கப் போவுது."

இதுதான் இக்னேசியஸின் வேதம். மனுஷனுக்கும் அதேதான். சோலையப்பன் என்று ஒருத்தன் பேர் பதிய வந்தான். இவர் தூக்கக் கலக்கத்தில் சோலைமலை என்று எழுதிவிட்டார். "ஐயா, எம்பேரு அது இல்லீங்களே," என்றான். "இனிமே அதுதான்," என்றார். இன்றைக்கு அவன் பெண்டாட்டிகூட அவனைச் சோலைமலைக்கே வாழ்க்கைப்பட்டதாகத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

பெட்டி ஏழு கிலோ. பத்து நிமிஷத்தில் தொடை மரத்துப்போயிற்று. இருபதாவது நிமிஷம் அடியில் சூடு ஏறி, சாரத்துக்குள்ளே தோசை சுடுகிற மாதிரி இருந்தது. மனிதர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒற்றை விரலால் தேடித் தேடிக் குத்தினார். ஒரு மணி நேரத்தில் ஒரே ஒரு பேர் ஏறிற்று. யாருடைய பேர் என்று கேட்கணுமா? தன்னுடைய பேர்தான்! கண் குளிரப் பார்த்தார். 'இக்னேசியஸ்' என்று பச்சை எழுத்தில் மினுங்கிற்று. அந்த நேரம் பார்த்துப் புடவை தடுக்கிச் சிசிலி வயரில் கால் வைக்க, பெட்டி கண்ணை மூடிக்கொண்டது. திறந்து பார்த்தால் பேரைக் காணோம்.

"அடியே சண்டாளி! எம்பேரை அழிச்சிட்டியேடி!"

"நான் எங்கங்க அழிச்சேன். அதுவா போச்சு. எழுந்திரிங்க, சாப்பாடு ஆறுது."

எழுந்திருக்க முடியவில்லை. இரண்டு காலும் செத்துப்போயிருந்தன. சிசிலிதான் பெட்டியைத் தூக்கி மேசையில் வைத்தாள். தூக்கும்போதே உள்ளே எட்டிப் பார்த்தாள். பெட்டியோடு வந்த சின்னப் புத்தகத்தையும் கையில் எடுத்தாள்.

மூன்று நாள் இப்படியே போயிற்று. ஏறின பேர் ஏழு. போன பேர் ஆறு. தொடையில் இரண்டு கொப்புளம். மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு பேர் ஏற வேண்டும். தலையணையில் தலை வைத்தால் தொரையின் குரல்தான் கேட்டது. ஐம்பது வயதில் எங்கே போவது? றொசல்லயில் கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் ஏற்கெனவே ஒரே காம்பராவில் எட்டுப் பேர். நடுச்சாமத்தில் எழுந்து குவாட்டர்ஸ் சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு வந்து படுத்தார். அதை மட்டும் நான் கேலி செய்ய மாட்டேன், அந்தப் பயம் யாருக்கு வந்தாலும் பயம்தான்.

ஆனால் பயந்தவன் செய்கிற தந்திரத்தைக் கேலி செய்யலாம். நாலாவது நாள் இக்னேசியஸுக்கு மூளையில் விளக்கு எரிந்தது. சின்னப் புத்தகத்தின் அட்டையில் வேறொரு பேர் போட்டிருந்ததைப் பார்த்தார். 'நோட்புக்'.

"சிசிலி, இங்க வா. நீ இங்கிலீசு எழுத்து நல்லா எழுதுவியே?"

"எழுதுனேன். உங்களைக் கட்டிக்கிட்ட பொறகு ரேஷன் கூப்பன்லதான் எழுதுறேன்."

"இந்தா, இதுல செக்ரோலைப் பார்த்து அப்படியே எழுது. இது ஒரு நோட்புக்."

"போன திங்கக்கெழமை லெப்டொப்புன்னீங்க?"

"அது ஒபீஸ் பேரு. வீட்டுல நோட்புக்."

"ஒரே பெட்டிக்கு ரெண்டு பேராங்க?"

"இருக்கும். தொரைக்கு முன்னால நான் கிளாக்கர் இக்னேசியஸ், வீட்டுல உனக்குப் புருஷன் இல்லியா? அந்த மாதிரி. நோட்புக்குன்னா கொப்பி. கொப்பியில பாத்து எழுதுறது சின்னப்பிள்ளைங்க வேல. யாரும் கேட்டா நீ தூசி தொடச்சேன்னு மட்டும் சொல்லு."

"அப்ப லெப்டொப்?"

"அது பெரிய ஆளுங்க வேல. அத நான் ஒபீஸ்ல பாத்துக்குவேன்."

எப்படி யோசனை? வேலையைப் பெண்டாட்டி செய்வாள், ஆனால் வேலை என்று தெரியாமல் செய்வாள். பேரை மட்டும் மாற்றினால் போதும், கம்ப்யூட்டர் கொப்பி ஆகிவிடும், அவளும் கேள்வி கேட்க மாட்டாள்! பூனை கண்ணை மூடிக்கொண்டால் உலகமே இருட்டு என்று சும்மாவா சொன்னார்கள்.

சிசிலி தலையை முடிந்துகொண்டு மேசை முன்னால் உட்கார்ந்தாள். சின்னப் புத்தகத்தை ஒரு பக்கம் விரித்து வைத்தாள். பிள்ளைக்காம்பராவும் ஊரடங்குச் சட்டத்தால் பூட்டிக் கிடந்த நாட்கள் அவை. ஒரு மத்தியானத்தில் நாற்பது பேர் ஏற்றினாள். இக்னேசியஸ் பக்கத்தில் சாய்ந்து கிடந்து வெற்றிலை போட்டுக்கொண்டு, பார்க்கிறவர்களுக்கு வேலை வாங்குகிற மாதிரி தெரியட்டும் என்று அவ்வப்போது "ஹ்ம்" என்றார்.

"என்னாங்க."

"ஹ்ம்."

"ஒன்பதாம் லயத்து வீரம்மா பேரு இதுல இல்லையே?"

இக்னேசியஸ் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார்.

இந்த வீரம்மா கதையைச் சொல்லித்தான் ஆகணும். தோட்டத்தில் இரண்டு வீரம்மா இருந்தார்கள். அஞ்சாம் லயத்து வீரம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் பிரசவத்தில் செத்துப்போனாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக லொறி வருவதற்குள் முடிந்துவிட்டது. கிளாக்கர் செக்ரோலை எடுத்தார், கண்ணில் பட்ட முதல் வீரம்மாவைச் சிவப்பு மையில் வெட்டினார். அது ஒன்பதாம் லயத்து வீரம்மா. உயிரோடு கொழுந்தெடுத்துக்கொண்டிருந்தவள். அடுத்த மாதம் கண்காணி வந்து, "செத்தவ பேரு இன்னும் இருக்குங்களே," என்றான். அதையும் வெட்டினார். ஒரு சாவுக்கு இரண்டு பேரை வெட்டிய கிளாக்கர் இலங்கையில் இவர் ஒருத்தராகத்தான் இருப்பார்.

தப்பு தெரிந்ததும் திருத்தியிருக்கலாம். திருத்தணும் என்றால் தொரையிடம் போய், உயிரோடு இருக்கிறவளை வெட்டிவிட்டேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு யார் போவது? வீரம்மா ஒபீஸ் ஜன்னலுக்கு வந்தாள். "நாளைக்கு வா," என்றார். மறுநாளும் வந்தாள். "நாளைக்கு வா." இரண்டு வருஷமாக நாளைக்கு வந்துகொண்டே இருந்தாள். பேர் இல்லாததால் நிரந்தர வேலை இல்லை, கூப்பிட்ட நாளைக்குப் போய்ப் புல்லு வெட்டுவாள். காம்பராவைக் காலி செய்யச் சொல்லி இரண்டு தடவை ஆள் வந்தாயிற்று. பிரஜாவுரிமைக்கு எழுதிப்போட, தோட்டத்தில் பேர் இருக்கிறது என்று ஒரு துண்டு வேண்டும். அந்தத் துண்டும் இல்லை. அவளுடைய மூன்று வயது மகள் காளியாயிக்குப் பிள்ளைக்காம்பராவில் பால் இல்லை, பேர் உள்ள அம்மாமாரின் பிள்ளைக்குத்தான் பால். சிசிலி எல்லாப் பிள்ளைக்கும் ஒரு மடக்குக் குறைத்து அந்தப் பிள்ளைக்கு ஒரு டம்ளர் தேற்றுவாள். தேற்றும்போதெல்லாம் அவளுக்கு நெஞ்சு எரியும்.

"செக்ரோல்ல இல்லாத ஆளு ஆளே இல்ல," என்றார் இக்னேசியஸ்.

"காளியாயி அம்மா நேத்துக்கூட பீலிக்கிட்ட அழுதுக்கிட்டு நின்னாங்க. ஆள் இல்லாமலா அழுதாங்க?"

"ஏய், வாயை மூடிட்டு எழுது. மொத்தம் முந்நூத்திப் பன்னெண்டு. ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு குறையக் கூடாது. கூடுனாலும் எனக்கு ஆபத்து, குறைஞ்சாலும் ஆபத்து."

"ஒண்ணு கூடக் கூடாது, ஒண்ணு குறையக் கூடாது. அவ்வளவுதானே?"

"அவ்வளவேதான்."

"சரிங்க," என்றாள் சிசிலி. கல்யாணமாகி இருபத்தாறு வருஷத்தில் அவள் இவ்வளவு சீக்கிரம் 'சரிங்க' சொன்னது அதுதான் முதல் தடவை. வேறு புருஷனாக இருந்தால் அங்கேயே உஷாராகியிருப்பான். இவர் கொட்டாவி விட்டார்.

பதினோராம் நாள் எல்லாம் முடிந்தது. இக்னேசியஸ் எழுந்து வந்து பெட்டியின் அடியில் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரிந்த ஒரே இடம் அதுதான். 312. "அடேயப்பா!" என்று தொடையைத் தட்டினார். கொப்புளத்தில் பட்டுவிட்டது.

"யாரு பேரும் விட்டுப் போகலியே?"

"உங்க கணக்குத்தான் சரியா இருக்கே," என்றாள் சிசிலி.

மறுநாள் கொழும்பு மாத்தயா ஜீப்பில் வந்தார். இரண்டு மணிக்கு ஊரடங்கு, அதற்குள் மலை இறங்க வேண்டும், அதனால் வந்த வேகத்தில் உட்கார்ந்தார். தொரையும் கூட இருந்தார். இக்னேசியஸ் கோட்டுப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். கல்யாணக் கோட்டு. பொத்தான் பூட்டவில்லை, வயிறு விடவில்லை.

"முந்நூற்றிப் பன்னெண்டு, சேர். நானே அடிச்சேன். ராப்பகலா."

"ஹரி ஷோக்," என்று சிங்களத்தில் மெச்சினார் மாத்தயா. "எங்க, ஒரு பேரைத் தேடிக் காட்டுங்க பார்ப்பம்."

இக்னேசியஸ் கதிரையில் பக்குவமாக உட்கார்ந்து பெட்டியை மடியில் ஏற்றினார்.

"ஏன் மடியில? மேசையில வைங்க."

"லெப்டொப்புங்களே சேர்."

மாத்தயாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒருத்தன் லெப்டொப்னு சொல்றான், ஒருத்தன் நோட்புக்னு சொல்றான். விக்கிறவன் வைக்கிற பேரு. பெட்டி ஒண்ணுதான். மேசையில வச்சு வேலையைக் காட்டுங்க."

இக்னேசியஸுக்குத் தலை சுற்றிற்று. பேருக்குப் பேர் சாமான் வேறு என்று நம்பி இரண்டு தொடையையும் சுட்டுக்கொண்ட மனிதர் அவர். மேசையில் வைத்தார். விழிக்க வைக்கிற இடம் எது? ஒன்றைத் தட்டினார். ஒன்றும் இல்லை. இன்னொன்றைத் தட்டினார். பெட்டி 'கீ' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு அடங்கிற்று. தொரையின் முகம் கறுத்தது. கோட்டுக்குள்ளே வேர்வை ஓடிற்று. ஒபீஸுக்கும் அன்றைக்குத் திறந்திருந்த பிள்ளைக்காம்பராவுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான்.

"சிசிலி!" என்று கூப்பிட்டார். பிறகு சமாளித்தார். "அது வந்துங்க தொரை, எம் பொம்பளைதான் தெனம் தூசி தொடைப்பா. சுவிச்சு எங்கன்னு அவளுக்குத்தான்…"

சிசிலி வந்தாள். இடுப்பில் காளியாயி. பிள்ளையை இறக்கவில்லை. ஒரு கையால் பெட்டியைத் தன் பக்கம் திருப்பினாள், மறு கையால் தட்டினாள். பெட்டி விழித்தது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். லயம் லயமாக. எந்தப் பிள்ளைக்கு எந்த அம்மா என்பது வரைக்கும்.

"இத யாரு போட்டது?" என்றார் மாத்தயா.

இக்னேசியஸ் வாயைத் திறந்தார். சிசிலி முந்திக்கொண்டாள்.

"நான்தானுங்க. ஒரே பேருல நாலு அஞ்சு பேரு இருக்காங்க. செக்ரோல்ல பேரு மட்டுந்தான் இருக்கு, ஆள் இல்லீங்க. பிள்ளைங்கள வச்சு எனக்கு ஆளைத் தெரியும். கொழப்பம் வரக் கூடாதுன்னு போட்டேன்."

தொரை குனிந்து பார்த்தார். ஒன்பதாம் லயத்தில் அவர் விரல் நின்றது. "வீரம்மா? இவ பேரு வெட்டினதுதானே?"

"ஒரு சாவுக்கு ரெண்டு வீரம்மா பேரை வெட்டிப்புட்டாங்க, தொரை. செத்தவங்க அஞ்சாம் லயம். இவுங்க உயிரோட இருக்காங்க. இது அவுங்க மக. வேணும்னா கூப்பிட்டுக் கேளுங்க."

தொரை மெதுவாக இக்னேசியஸைத் திரும்பிப் பார்த்தார். இக்னேசியஸ் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தார்.

ஆனால் அந்த நேரத்திலும் கிளாக்கர் புத்தி போகுமா? ஒன்று கூடியிருக்கிறது என்றால் முந்நூற்றுப் பதின்மூன்று அல்லவா வரணும்? "சேர்! கணக்குப் பிழை! ஒரு ஆளைக் காணோம்! இவ யாரையோ விட்டுட்டா!" என்று எழும்பிக் கத்தினார். தவளை தன் வாயால்தான் கெடும்.

"யாரு இல்லன்னு பாப்பம்," என்றார் மாத்தயா. பேர்களை மேலிருந்து கீழே ஓட்டினார். தொழிலாளி எல்லாரும் சரி. ஸ்டாஃப்புக்கு வந்தார். டீமேக்கர் இருந்தார். மலை வேலையைப் பார்க்கிற கண்டாக்கு ஐயா இருந்தார். ஆயா சிசிலி இருந்தாள். "கிளாக்கர், உங்க பேரு என்ன?"

"இக்னேசியஸ், சேர்."

மாத்தயா அந்தப் பேரை அடித்துப் பார்த்தார். ஒருமுறை, இரண்டு முறை.

"அப்பிடி ஆள் இல்லையே."

எல்லாரும் சிசிலியைப் பார்த்தார்கள். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு தலையைக் குனிந்தாள். பெரிய பதிவிரதை!

"பொம்பள புருஷன் பேரைச் சொல்லலாங்களா தொரை? போன வருசம் டிஸ்பென்சரியில மருந்துத் துண்டுக்கு ஒருதடவை சொல்லிப்புட்டேன். 'புருஷன் பேரைச் சந்தியில கூவுறியாடி'ன்னு ஒரு மாசம் எங்கூடப் பேசல. கோயில்ல மன்றாட்டுப் படிக்கும்போது இவுங்க பேருள்ள புனிதர் வந்தாக்கூட நான் வாயை மூடிக்கிறேன். வாயால சொல்லக் கூடாத பேரைக் கையால மட்டும் எப்பிடிங்க அடிக்கிறது? பாவம் இல்லீங்களா?"

தொரை கைக்குட்டையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். மாத்தயா மணிக்கூட்டைப் பார்த்தார். பெட்டியின் பக்கத்திலிருந்து சின்னத் தட்டு ஒன்றை உருவிச் சட்டைப் பையில் போட்டார்.

"நேரம் இல்ல. இதுல உள்ள லிஸ்டுதான் கொழும்புக்குப் போகும். இதுல இருக்கிறவங்க இருக்கிறாங்க. இல்லாதவங்க இல்ல. மிஸிஸ் சிசிலி, திங்கக்கெழமையில இருந்து மெசினை நீங்க பாருங்க. ஹட்டன் பொடியன் தேவையில்ல."

"சேர், நான்?"

"புதுசா பேர் பதியணும்னா கிளாக்கர்கிட்டக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

சிவப்பு மைகூடச் செலவாகவில்லை, பாருங்கள்.

வீட்டுக்கு வந்ததும் இக்னேசியஸ் கோட்டைக் கழற்றி வீசினார். "படுபாவி! புருஷனையே வெட்டிப்புட்டியேடி! வேல போச்சு, குவாட்டர்ஸ் போச்சு…"

"குவாட்டர்ஸ் எங்கங்க போகுது. அது ஸ்டாஃப்புக்குத்தானே? நான் ஸ்டாஃப்புதானே?" சிசிலி ஜெபப் புத்தகத்தைத் திறந்து அந்தக் கடுதாசியை எடுத்து மேசையில் வைத்தாள். "வேல போகுதுன்னு மொத நாளே தெரியும். எங்கிட்டச் சொல்லியிருந்தா ரெண்டு பேரும் ஒக்காந்து அழுதிருக்கலாம். பிள்ளைக்குப் பொம்மையைக் காட்டுற மாதிரி எனக்கு நோட்புக்குன்னு காட்டுனீங்க."

"அதுக்காக எம்பேரையா விடணும்?"

அவள் குரல் அப்போது மாறிற்று. அதில் கேலி இல்லை. "ஒண்ணு கூடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வீரம்மாவ உள்ள விடணும்னா ஒருத்தர் வெளிய நிக்கணும். அவ வெளிய நின்னா பிள்ளையோட ரோட்டுக்குத்தான் போகணும். நீங்க வெளிய நின்னா வீட்டுக்குள்ளதானே நிப்பீங்க? ரெண்டு வருசமா அந்தப் பிள்ளைக்குப் பால் திருடி எனக்கு மனசு செத்துப்போச்சுங்க."

இக்னேசியஸ் அன்றைக்கு ஆத்திரத்தில் சோறு வேண்டாம் என்றார். ஏழு மணிக்குச் சாப்பிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் வீரம்மாவுக்குத் துண்டு கிடைத்தது. ஒபீஸ் வாசலில் அதை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, சத்தமில்லாமல் அழுதாள். லயத்தில் அந்தப் பெட்டிக்கு அன்றைக்கே மூன்றாவது பேர் விழுந்துவிட்டது. லெப்டொப்பும் இல்லை, நோட்புக்கும் இல்லை. 'பேர்ப்பெட்டி'. அது நிலைத்தும்விட்டது.

துண்டு வாங்க வந்த வரிசையில் இக்னேசியஸும் ஒபீஸ் ஜன்னலுக்கு வெளியே நின்றார். வீரம்மா இரண்டு வருஷம் நின்ற அதே இடம். கூரைத் தண்ணி சரியாகப் பிடரியில் சொட்டுகிற இடம் அது என்பதை அவர் இருபத்திரண்டு வருஷம் உள்ளே இருந்ததால் கவனித்ததில்லை. முன்னால் நின்ற சோலைமலை விலகிக்கொண்டு மரியாதையாக, "ஐயா, நீங்க முன்னால போங்க," என்றான்.

ஜன்னலுக்குள்ளே சிசிலி, மேசையில் பெட்டி.

"என்னா வேணும்?" என்றாள், தலையை நிமிர்த்தாமல்.

"என்னா வேணுமா? வெளையாடாத சிசிலி. எம்பேரைப் பதி."

"பேரு?"

"உனக்குத் தெரியாதாக்கும்!"

"நான் சொல்லக் கூடாதுங்களே. நீங்கதான் சொல்லணும்."

சுற்றுமுற்றும் பார்த்தார். முழு வரிசையும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, பிடரியில் தண்ணி சொட்டச் சொட்ட, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் பேரை அடக்கமாகச் சொன்னார்.

"இக்னேசியஸ்."

சிசிலி பெட்டியைப் பார்த்தாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பிறகு பெட்டியை மெதுவாக மூடினாள்.

"நாளைக்கு வாங்க."